தொட்டால் ஒட்டாது

லாண்டரிக்காரர் ஜிப்பை ஒரு சாண் இறக்கியிருப்பார், அதற்குள் டை கட்டிய ஆள் ஓடிவந்து குறுக்கே ஃபைலை நீட்டிவிட்டார். கையை நீட்டித் தடுக்கவில்லை, ஃபைலால் தடுத்தார். "திறக்கக் கூடாது சார், ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு, இறங்கிய ஜிப்பை மேலே இழுத்துவிடவும் மனம் வராமல் இரண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார்.

இறுதி மரியாதை செலுத்த வாடகைக்கு விடும் கூடம் அது. சுவரோரம் அடுக்கிய நாற்காலிகள், மேசையில் துணிப் பூக்கள், நடுவில் சக்கரம் வைத்த எஃகுக் கட்டில். கட்டிலின் மேல் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பை, பைக்குள் அவருடைய மனைவி. காலையில்தான் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தாள். கால் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர்: தொற்று அபாயம், திறக்க வேண்டாம்.

"இது ஒட்டற வியாதி இல்லைங்க" என்றார் லாண்டரிக்காரர். "மூளைக்குள்ள இருக்கற புரதம் தானா மடிப்பு மாறிப் போறது. காத்துல வராது, எச்சில்ல வராது, தொட்டா ஒட்டாது. கட்டிப் பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம். டாக்டரே சொன்னது."

இந்தச் சில மாதங்களில் இதையே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. பக்கத்து வீட்டுக்காரர், லாண்டரி வேலையாட்கள், மச்சினர், மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி நாக்கு தானாகவே ஒப்பித்துவிட்டு நின்றது. கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

டைக்காரரும் தலையை ஆட்டினார். அவர் பார்வை லாண்டரிக்காரரின் கைகளில் மாட்டியிருந்த நீல நிற ரப்பர் உறைகளில் ஒரு கணம் நின்று, ஸ்டிக்கருக்குப் போய், மறுபடியும் முகத்துக்கு வந்தது. "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் சார். ஆனா மஞ்சளைப் பார்த்தா எங்க பசங்க கிட்டயே வர மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே திறந்து விடறேன்."

உயிரோடு எதிரில் நிற்கிற புருஷனின் பேச்சை விட ஒட்டுக் காகிதத்தின் பேச்சு பெரிதாகிவிட்டது. லாண்டரிக்காரர் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். கையுறைகளைச் சுண்டி இழுத்துக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தார். நாற்காலியில் வைத்திருந்த துணிக்கட்டை மட்டும் யாரும் நகர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

அந்தத் துணிக்கட்டுக்குள் ஒரே ஒரு வெள்ளை விரிப்புதான் இருந்தது. காலையில் ஆஸ்பத்திரியில் கையெழுத்துகள் போட்டு முடித்ததும் நேராக லாண்டரிக்குப் போய், இருப்பதிலேயே நல்ல பருத்தி விரிப்பைத் தேடி எடுத்து, தானே அயர்ன் போட்டு மடித்துக்கொண்டு வந்திருந்தார். அவர் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. சாயங்காலப் பேருந்தில் மகள் வருகிறாள். அவள் வரும்போது அவளுடைய அம்மா குப்பை மாதிரி பிளாஸ்டிக்கில் சுற்றிக் கிடக்கக் கூடாது. வெள்ளை விரிப்பில், முகம் தெரிய, பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். நாளைக் காலையில் எடுத்துவிடுவார்கள். அதற்குள் நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். வெயிலில் நடந்தார். நடக்க நடக்க ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். எங்கே போனாலும் இன்னொரு கதவைக் காட்டினார்கள்.

லாண்டரியில் இயந்திரங்கள் அவர் பொறுப்பு, மடிப்பு மேசை அவள் பொறுப்பு. இந்த ஆஸ்பத்திரிக்கும் இரண்டு மூன்று ஓட்டல்களுக்கும் அவர்கள்தான் வெளுத்துக் கொடுத்தார்கள். இரட்டைக் கட்டில் விரிப்பை அவள் தனியாளாக மடிப்பாள். கரைகள் உள்ளே போய்விடும், நான்கு மூலையும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். அயர்ன் போட்ட துணியை ஈரக் கையோடு யாரும் தொட்டுவிட முடியாது. முதலாளியாகவே இருந்தாலும், "கையைத் துடைச்சுட்டு வாங்க" என்று துரத்துவாள். வேலையாட்கள் முன்னால் அப்படித் துரத்தப்படுவதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

ஒரு நாள் ஓட்டலிலிருந்து ஒரு கட்டுத் துணி திரும்பி வந்தது. கரைகள் வெளியே தொங்கின, மூலைகள் ஏறுக்குமாறாக இருந்தன. அவர் கட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் போட்டு, கண் தெரியவில்லையா உனக்கு என்று எரிந்து விழுந்தார். அவள் ஒரு விரிப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "கரை எங்க இருக்குன்னு தெரியலைங்க" என்றாள்.

கண் டாக்டர் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார். பிறகு அந்தக் கண்ணாடியையும் மாற்றினார். கண்ணில் குறையே இல்லை என்றார். அடுத்தவர் மன அழுத்தம் என்று மாத்திரை கொடுத்தார். அதற்கடுத்தவர் வயதுக் கோளாறு, தூக்கம் போதவில்லை, வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். இதற்கு நடுவில் அவள் படியில் கால் வைக்கத் தடுமாறினாள். துவைக்கும் இயந்திரம் சுற்றி முடித்து நிற்கும்போது எழும் சத்தத்துக்கு உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. பேச்சு நடுவில் நின்று நின்று வந்தது. ஒவ்வொரு அறைக்கு வெளியிலும் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு டாக்டர்கள் மேல் இருந்த பயபக்தி எல்லாம் தேய்ந்து போயிற்று. ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். சொன்ன பேர் எதுவும் அவளை நிறுத்தி வைக்கவில்லை.

கடைசியில் மூளைப் படம் எடுத்து, முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, விஷயத்தைச் சொன்னது வயதில் மகளை ஒத்த ஒரு பெண் டாக்டர். அவள் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். எல்லார் மூளையிலும் இருக்கிற புரதம்தான் சார், பிறக்கும்போதே இருக்கும், சரியாக மடிந்திருக்கிற வரைக்கும் தொல்லை இல்லை என்றாள். எங்கேயோ ஒன்று தப்பாக மடிந்துவிடுகிறது, ஏன் என்று யாருக்கும் தெரியாது.

லாண்டரிக்காரருக்கு முதல் தடவையாக ஒரு டாக்டர் பேசுவது புரிந்தது. விரிப்பில் ஒரு தப்பு மடிப்பு விழுந்து அதன் மேல் அயர்ன் பட்டுவிட்டால், பிறகு எத்தனை தடவை வெளுத்தாலும் துணி அங்கேதான் மடங்கப் பார்க்கும் என்றார்.

"அது மட்டும் மடங்கினா பரவாயில்லையே சார்" என்றாள் டாக்டர். "பக்கத்துல இருக்கறதைத் தொட்டு அதையும் தன்னை மாதிரியே மடக்கிடும். அது அடுத்ததை. அப்படியே போய்க்கிட்டே இருக்கும். இவங்களுக்கு மூளையோட பின்பக்கத்துல, பார்வைக்கான இடத்துல ஆரம்பிச்சிருக்கு."

"நிறுத்த மருந்து?"

"இல்லை சார்."

அவர் அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். கேட்கக் கூச்சமாக இருந்தது. இருந்தும் கேட்டார். "தொட்டுத் தொட்டுன்னு சொல்றீங்களே. அப்ப, கூட இருக்கற எங்களுக்கு?"

அப்போதுதான் டாக்டர் அந்த வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுத்தாள். அந்தத் தொடுகை மூளைக்குள் நடப்பது, மூளைக்கு வெளியே தொட்டால் ஒட்டாது. பரம்பரையாக வருகிற வகையும் இல்லை, மகளுக்கும் பயமில்லை. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேசுங்கள், அதுதான் இனிமேல் வைத்தியம் என்றாள். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பிணவறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்தது. அங்கே இருந்த எழுத்தர் சாப்பாட்டை அப்போதுதான் பிரித்திருந்தார். ஸ்டிக்கர் என்றதும் பார்சலை மூடி வைத்துவிட்டு, கீழே வரும்போதே கட்டிலில் மஞ்சள் அட்டை தொங்கியது, அட்டை இருந்தால் பையில் ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம், அட்டையை மாட்டியது வார்டு, ஆகவே வார்டில் கேளுங்கள் என்று முடித்தார். நோயின் பேரைப் பார்த்தீர்களா, அது ஒட்டுமா ஒட்டாதா என்று தெரியுமா என்று லாண்டரிக்காரர் கேட்டார். எழுத்தர் யோசித்துவிட்டு, பேர் நீளமாக இருந்தது என்றார்.

இதற்கு மேல் என்ன பேசுவது? லாண்டரிக்காரர் மாடி ஏறினார்.

நரம்பு வார்டில் அவள் படுத்திருந்த கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைக்கூட எடுத்துவிட்டார்கள், இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. இத்தனை நாளாக அவர் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த ஸ்டூல் அதே இடத்தில் இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் கடந்து போகப் பார்த்தார். முடியவில்லை.

இங்கே சேர்த்த சில நாட்களிலேயே அவளுக்குப் பார்வை சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் கை விழித்திருந்தது. யார் பக்கத்தில் வந்தாலும் கையைத் தடவிப் பார்த்து ஆளைச் சொல்வாள். தரை துடைக்க வரும் அம்மாவை வளையலை வைத்துச் சொன்னாள். நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்னால் மகள் ஒரு தடவை வந்திருந்தபோது அவள் விரல்களை ஒவ்வொன்றாக நெருடிவிட்டு, "பாப்பா, நகம் கடிக்கறதை இன்னும் விடலையா நீ?" என்றாள். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மகள் அழுதாள்.

அவரைத்தான் தெரியவில்லை. பக்கத்தில் இருந்து ஊட்டிவிட்டவர், சிறுநீர் பைப் மாற்றியவர், உடம்பு துடைத்தவர், எல்லாம் அவர்தான். அவர் கையைத் தொட்டாலே அவள் நெற்றி சுருங்கும். "இது யார் கை?" என்பாள். நான்தான் என்பார். குரலைக் கேட்டுக் கொஞ்சம் சமாதானமாவாள், மறுபடியும் கையை நெருடிப் பார்த்துவிட்டு, "இல்ல, இது அவர் கை இல்ல" என்று விலக்கிவிடுவாள். பிறகு பேச்சு அறவே நின்றது. நிற்பதற்கு முன்னால் அவள் கடைசியாகச் சொன்னதும் அதுதான். இது யார் கை?

டாக்டரிடம் போய்ச் சொன்னார். மகளைத் தெரிகிறது, துடைக்கிற அம்மாவைத் தெரிகிறது, கட்டின புருஷனைத் தெரியவில்லையே என்று குழந்தை மாதிரி முறையிட்டார். இந்த நோயில் அப்படியும் ஆகும் சார், எது போகும் எது நிற்கும் என்று நமக்குத் தெரியாது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள் டாக்டர். அவர் வைத்துக்கொண்டார். அந்தக் கண்ணுக்குத் தெரியாத சனியன் அவளுடைய மூளையில் வேறு எதையெல்லாமோ விட்டுவிட்டு, தேடிப் போய்த் தன்னைத்தான் முதலில் அழித்திருக்கிறது என்று நினைத்து நினைத்துக் குமைந்தார்.

வார்டு சிஸ்டர் அவரைப் பல வருஷமாகத் தெரிந்தவர். துணி எண்ணிக் கொடுத்த நாளிலிருந்தே லாண்டரி அண்ணா என்றுதான் கூப்பிடுவார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். லாண்டரிக்காரர் உட்காரவில்லை. மஞ்சள் அட்டையை யார் மாட்டியது என்று கேட்டார். குரல் அவருக்கே அந்நியமாக உயர்ந்தது. படித்தவர்கள் இருக்கிற இடத்தில் இப்படிச் செய்யலாமா, பெற்ற மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டுப் போவதா, தொட்டால் ஒட்டாது என்று உங்கள் டாக்டரே சொல்லவில்லையா என்று அடுக்கிக்கொண்டே போனார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிஸ்டர் அவர் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு அவரைத் துணி அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அட்டையை எங்க ஆயாதான் மாட்டியிருக்காங்க. நான் கவனிச்சு எடுத்திருக்கணும், என் தப்புதான். ஏன் மாட்டினேன்னு கேட்டதுக்கு அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா?"

சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"லாண்டரி அண்ணாவே அவங்க விரிப்பைத் தினமும் சிவப்புப் பையில கட்டி எடுத்துட்டுப் போறாரு, அவருக்குத் தெரியாததாங்கறாங்க."

துணி அறையின் மூலையில் இரண்டு தள்ளுவண்டிகள் நின்றன. ஒன்றில் வெள்ளைப் பைகள், மற்றதில் சிவப்பு. சாதாரண அழுக்கு வெள்ளையில் போகும். தொற்று உள்ளவர்களின் துணி சிவப்பில் போகும். சிவப்புப் பையை லாண்டரியில் யாரும் கையால் திறக்க மாட்டார்கள். அப்படியே இயந்திரத்துக்குள் போட்டுவிடுவார்கள், கொதிநீரில் தையல் கரைந்து பை தானாகப் பிரிந்துகொள்ளும். இந்த முறையைப் பல வருஷத்துக்கு முன்னால் இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்ததே அவர்தான். ஆயாக்களை வரிசையாக நிற்க வைத்து, சிவப்பு என்றால் தொடாதே என்று பாடம் எடுத்தவரும் அவர்தான்.

"அது வந்து, ஒரு பாதுகாப்புக்கு" என்றார்.

"டாக்டர் சொன்னாங்களா அப்படிக் கட்டச் சொல்லி?"

"இல்லை."

சிஸ்டர் டாக்டரைத் தேடிப் பிடித்து அந்தக் கூடத்துக்குப் பேசச் சொல்வதாகச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

லாண்டரிக்காரர் வெள்ளைப் பைகளுக்கும் சிவப்புப் பைகளுக்கும் நடுவில் நின்றார். பாதுகாப்பு என்ன பாதுகாப்பு, பயம்தான். டாக்டர் சொன்னதை நம்பினார், முழுசாக நம்பினார், வாய் நிறைய ஊருக்குச் சொன்னார். விரிப்பை எடுக்கும்போது மட்டும் கை தானாகச் சிவப்புப் பக்கம் போயிற்று. அதை ஆயா பார்த்தாள். பையைப் பார்த்து அட்டை, அட்டையைப் பார்த்து ஸ்டிக்கர், ஸ்டிக்கரைப் பார்த்து டைக்காரர். அவருடைய லாண்டரியிலும் பையன்கள் அந்தச் சிவப்புப் பையைப் பார்த்துத்தானே ஒவ்வொருவராக விலகி நின்றார்கள். காலையிலிருந்து எந்தக் கழுத்தைப் பிடிக்கலாம் என்று தெருத் தெருவாக அலைந்ததுதான் மிச்சம். கோபம் அப்படியே இருந்தது, அதைக் கொண்டுபோய் வைக்கத்தான் ஓர் இடம் இல்லை. தள்ளுவண்டியை ஓங்கி ஓர் உதை விட்டார். அது சத்தமில்லாமல் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

அவர் திரும்பி வந்து சேர்வதற்குள் டாக்டர் கூடத்துக்குப் பேசியிருந்தாள். டைக்காரர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அது லேசில் வரவில்லை, பாதி வந்து பாதி பிசினாக நின்றது. "விளக்கமா சொன்னாங்க சார். எனக்குத்தான் ஒரு எழவும் தெரியாமப் போச்சு" என்றார். சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். லாண்டரிக்காரருக்கு அன்று முழுவதும் வராத சிரிப்பு ஒரு நொடி வந்து போயிற்று.

டைக்காரர் டையை மடக்கிச் சட்டைப் பொத்தான்களுக்கு இடையில் செருகிக்கொண்டு, வெறுங்கையால் அவள் கால்களைப் பிடித்துத் தூக்கினார். லாண்டரிக்காரர் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னால் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் புது ஜோடி ரப்பர் உறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டதை அவரே கவனிக்கவில்லை. பைப் மாற்றும்போது மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லி சிஸ்டர் முதல் நாள் ஒரு பெட்டி கொடுத்திருந்தார். அந்தப் பெட்டி தீர்ந்ததும் லாண்டரியிலிருந்து இன்னொன்று வந்தது, பிறகு இன்னொன்று. கண்ணாடி போடுகிறவர் காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடுவது போல, அவள் பக்கத்தில் போகும்போது கை அதைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக்கை உருவி எடுத்துவிட்டு வெள்ளை விரிப்பை விரித்தார்கள். அவளைக் கிடத்தினார்கள். விரிப்பின் ஒரு பாதியை மார்பு வரை போர்த்தி, கைகளை வெளியே எடுத்து வைத்து, கரை வெளியே தெரியாமல் உள்ளே மடக்குவதற்கு அவர் வெகுநேரம் மெனக்கெட்டார். மடக்கினால் ஒரு பக்கம் ஏறியது, சரி செய்தால் மறுபக்கம் இறங்கியது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், ஒரு தடவையாவது எப்படி என்று கேட்டு வைத்துக்கொண்டதில்லை. அவள் முகம் சாதாரணமாக இருந்தது. மத்தியானம் அசந்து தூங்கும்போது இருப்பது மாதிரி வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

வெளியே ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை முதலில் வந்து வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, பயந்தவர். மகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து தும்மினவர் வீட்டுப் பக்கம்கூட அவளை அனுப்பவில்லை. மகள் பின்னால், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகப் படி ஏறினாள். மாப்பிள்ளை தணிந்த குரலில், "அவ இங்க இருந்தே பார்த்துக்கட்டும் மாமா. இந்த நேரத்துல எதுக்கு ரிஸ்க்?" என்றார்.

லாண்டரிக்காரருக்கு அடங்கியிருந்ததெல்லாம் கிளம்பிவிட்டது.

"என்ன ரிஸ்க் மாப்பிள்ளை? உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? பெத்த தாயைத் தொட்டா என்ன வந்துடும்? அவ கண்ணு தெரியாமக் கையைத் துழாவிக்கிட்டு மக எங்கன்னு தேடினா, அப்பவும் நீங்க விடலை. ஒட்டாது, ஒட்டாது, ஒட்டாதுன்னு தொண்டை வத்தக் கத்தறேன், ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறீங்களே." கை விரலை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டிக்கொண்டு கத்தினார். மாப்பிள்ளை ஆடுகிற அந்த நீல விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் இருவரையும் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். குனிய முடியாத வயிற்றோடு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்து அம்மாவின் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்தாள். அப்படியே இருந்தாள். டைக்காரர் ஓசைப்படாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் பின்னால் வைத்துவிட்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் உட்கார்ந்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இங்க வாங்கப்பா" என்றாள்.

அவர் போனார். விரிப்பின் ஓரம் மறுபடியும் வெளியே வந்திருந்ததைக் கண்டு அதை உள்ளே செருகக் கையை நீட்டினார். மகள் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கட்டை விரலால் மேலே தடவிப் பார்த்தாள். ரப்பர் சுருங்கிச் சுருங்கி விரிந்தது.

"ஆஸ்பத்திரியில இருக்கும்போதும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

"பைப் மாத்தறதுக்கு சிஸ்டர் கொடுத்தாங்கம்மா."

"ஊட்டும்போது?"

அவர் வாயைத் திறந்தார். டாக்டர் சொன்னது, மூளை, பின்பக்கம், மடிப்பு என்று என்னென்னவோ வரிசையாக நாக்கு வரை வந்தது.

"ஃபோன்ல அம்மா என்கிட்டயும் கேட்டாங்கப்பா" என்றாள் மகள். "யாரோ ஒருத்தர் வந்து ஊட்டறாரு, நல்ல மனுஷன், அப்பாவை ஏன் இன்னும் காணோம்னு."

மாப்பிள்ளை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் அவருடைய மணிக்கட்டைத் திருப்பி, உறையின் விளிம்பில் விரலை விட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்குச் சட்டையை உருவுவது போல உள்பக்கம் வெளியே வர உருவினாள். அது வியர்வையில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வந்தது. உள்ளே இருந்த கை வெளுத்துச் சுருங்கி ஊறிப் போயிருந்தது. அவள் எழுந்து நாற்காலியை விட்டாள். அவர் உட்கார்ந்தார். மனைவியின் கை விரிப்பின் மேல், உள்ளங்கை மேலே பார்க்க இருந்தது. அதன் மேல் தன் கையை வைத்தார்.

நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வழக்கமாக அவள் கேட்ட பிறகுதான் அதைச் சொல்வார். காத்திருந்தார்.

வெளிச்சம் போனதும் டைக்காரர் வந்து விளக்கைப் போட்டார். அவர் கையை எடுத்தபோது, அவள் கைக்குப் பக்கத்தில், அயர்ன் போட்ட வெள்ளை விரிப்பின் மேல், அவருடைய விரல் ஓரங்கள் பட்ட இடம் ஈரமாகச் சுருங்கியிருந்தது. மகள் துடைக்கப் போனாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அது காயும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.